சாடிக்குள் ஒரு செங்கோழி

1

செத்த கோழியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கொல்லையில் புதைத்திருந்த காலிக் கிம்ச்சி ஊறுகாய்ச் சாடிக்குள் திணித்தாள் மல்-சூன். விறைத்த இறக்கை ஒன்று உள்ளே போக மறுத்தது. வாசலில் கார் ஹாரன். மகளும் மாப்பிள்ளையும்!

(முதலில் எழுதியது: 'கொரியாவின் ஜொல்லாவில் அது பனிக்காலம்…' அடித்துவிட்டேன். பயந்தவளுக்கு ஏது பருவகாலம்? கதை எனக்குக் கிடைத்த இடத்தை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு சாப்பாட்டு மேசை. ஒரு கிண்ணம் சூப். அதில் ஒரு கோழித் தொடை.)

2

மல்-சூனின் செங்கோழிகள் இரண்டுக்கும் ஆகும். போடும்வரை முட்டை, ஓய்ந்தால் கறி. மாப்பிள்ளை வரும் நாளில் மட்டும் முட்டையிடும் கோழியையே அறுக்க வேண்டும். கிழட்டுக் கோழியைப் போட்டால் ஊர் சிரிக்கும்.

மாப்பிள்ளை பியோனுக்கு வேலை? பறவைக் காய்ச்சல் கண்ட ஊர்களில் கோழிகளைக் குழிவெட்டிப் புதைக்கும் அரசாங்கக் குழுவில். ஒரு கோழி செத்தது வெளியே தெரிந்தால் ஊர்க் கோழி அத்தனையும் மண்ணுக்குள்.

அறுக்காவிட்டால் சந்தேகப்படுவான். உயிரோடிருந்த இன்னொன்றை அறுத்தாள். கொண்டையில் லேசாக நீலம். குளிராயிருக்கும்.*

மகள் ஏ-ரான் சமையலறையில் முட்டியை மடக்கி உட்கார்ந்து,

(வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

* இந்த வார்த்தையை நான் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை.

3

"சாப்பிடுங்க மாப்ளே! தொடையை விட்டுட்டு என்னத்த நோண்டுறீங்க?"

"கூடு ரொம்ப அமைதியா இருக்கே அத்தை?"

"உங்களைப் பார்த்தா எந்தக் கோழி வாயைத் திறக்கும்? ஊரே உங்களுக்கு எமன்னுல்ல பேரு வெச்சிருக்கு!"

பியோன் சிரித்தான். "அந்தச் சாடி மேல எதுக்குக் கல்லு?"

"பூனை வருது."

"கொஞ்சம் எடுங்களேன், ருசி பாப்போம்."

"இன்னும் புளிக்கல!" கத்தியேவிட்டாள் மல்-சூன்.

4

முடிவு ஒன்று: அவன் மூடியைத் திறக்கிறான். விடிந்தால் வெள்ளை உடுப்புக்காரர்கள் ஊருக்குள். விறுவிறுப்பு உண்டு, கை எழுத மறுக்கிறது.

முடிவு இரண்டு: கோழி பாம்பு கடித்துச் செத்தது. பனிக்காலத்தில் பாம்பா? அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: தொடையைத் தின்றான். கிளம்பும்போது தொட்டியில் கிடந்த கோழித் தலையைப் பார்த்தான், நீலக் கொண்டை, காய்ச்சலின் அடையாளம். வாயைத் திறக்காமல் காரில் ஏறினான். கொதித்த சூப்பில் கிருமி சாகும் என்பது அவனுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். ஆனால் இறகு கொதிக்கவில்லையே.

5

சரி, அந்த வாக்கியம். மகள் ஏ-ரான் சமையலறையில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, வெறுங்கையால் அந்தக் கோழியின் இறகைப் பிடுங்கினாள். ஏழு மாதக் கர்ப்பிணி.

இன்று நான்காம் நாள். ஆஸ்பத்திரிக் கட்டில். காய்ச்சல் முப்பத்தொன்பது டிகிரி. புருஷனின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

"என்னங்க, கோழின்னு மட்டும் சொல்லிடாதீங்க. அம்மாவோட கூடு காலியாயிடும். அப்புறம் ஊர்ல ஒருத்தரும் அவங்க மூஞ்சில முழிக்க மாட்டாங்க."

டாக்டர் உள்ளே வருகிறார். "கோழி, வாத்து, எதையாவது தொட்டாங்களா?"

பியோன் என்ன சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள், வாசகரே. சீக்கிரம். இதை எழுதிக்கொண்டிருப்பது நோய்த் தகவல் படிவத்தின் பின்பக்கத்தில். முன்பக்கம் இன்னும் காலி. டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பியோன் நான்தான்.