பாம்புக்கூந்தல்காரி பாடிய வரவு

அடுக்குமாடியின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு முன்னால் நின்று இமெல்டா சம்மதமாகச் சொன்ன ஒரேயொரு 'ஓம்', அவளுடைய வீட்டை இரண்டு கிழமை ஆட்டிவைத்தது.

கேட்டவள் வித்தியா. மூன்றாம் மாடிப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இடைக்கால ஐரோப்பியக் கவிதைகளை ஆராய்கிறாள். அந்தப் படிப்புக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று கட்டடத்தில் எல்லோரும் தனித்தனியாகக் கேட்டாயிற்று. தேவாலயப் பங்கு மக்களின் ஒன்றுகூடலுக்கு இந்த வருடக் கூத்தை எழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது. வழக்கமான ராசா, மந்திரி, வேதசாட்சி எல்லோருக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, கிரேக்கக் கதையிலிருந்து ஓர் அரக்கியை இறக்கினாள். தலையில் மயிருக்குப் பதில் பாம்புகள். முகத்தை நேரே பார்த்தவன் கல்லாகிவிடுவான். வீரன் தன் கேடயத்தில் தெரிகிற அவளுடைய பிம்பத்தைப் பார்த்துத்தான் தலையை வெட்ட வேண்டும்.

அரக்கியாக நடிக்கவிருந்த அக்னெஸ், பஸ் தரிப்பிடத்தில் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள்.

"அன்ரி, நீங்கள் உடுப்பு மடிக்கேக்கை பாடினதைக் கேட்டனான். அக்னெஸ் அன்ரியின்ரை இடத்திலை நீங்கள் நடியுங்கோவன்."

"ஓம்," என்றாள் இமெல்டா. யோசிக்கவேயில்லை.

வீரன் யார்? வேறு யார், அவளுடைய கணவர் கிறகரிதான். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிறவர். பதினாறு வருடமாகப் பங்கின் ஒரே வீரன். வயிறு முன்னால் போய்ப் பகைவனைச் சந்தித்த பிறகுதான் வாள் போய்ச் சேரும் என்றாலும், குரலுக்காகச் சனம் எல்லாவற்றையும் மன்னித்தது.

செய்தியைக் கேட்டதும் அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"நீ மேடையிலை நிண்டால், எனக்கு ஆர் பாடுறது?"

விசயம் இதுதான். விமான இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்தி, ஏழு வருடத்துக்கு முன்பே கிறகரியின் தொண்டை போய்விட்டது. கதைக்கலாம், பாட வாய் திறந்தால் துருப்பிடித்த கேற் திறக்கிற சத்தம். அன்றிலிருந்து திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறவள் இமெல்டா. வசனம் எடுத்துக்கொடுக்கிறவள் என்று ஊருக்குப் பெயர். ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத கனத்த குரல் அவளுக்கு. பக்கத்தில் இருக்கிற மத்தளக்காரருக்கோ காது மந்தம். கிறகரி முன்னால் வாயசைப்பார். முடிந்ததும் சனம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன குரல் அண்ணை!" என்று உருகும். இமெல்டா பக்கத்தில் நின்று அவருடைய கிரீடத்தைப் பிளாஸ்ரிக் பையில் வைப்பாள். ஒருமுறையாவது அந்த வார்த்தையைத் தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று அவளுக்கு ஓர் ஏக்கம். அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"வேறை ஆரையும் பாடச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் வெளியிலை தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமன்."

கிறகரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

கூத்தில் ஒரு சட்டம் உண்டு. ராசாவோ அரக்கனோ, மேடைக்கு வந்தவன் முதலில் தன் வரவைப் பாட வேண்டும்: நான் இன்னார், இன்ன நாட்டை வென்றவன். அது பாடாமல் வாளைத் தூக்கினால் சபை எழும்பிக் கத்தும். ஒத்திகையில் இதைக் கேட்ட வித்தியா துள்ளிக் குதித்தாள்.

"ஐரோப்பாவிலையும் இதுதான் அங்கிள்! அந்தக் காலத்துக் கவிதையளிலை வீரன் முதலிலை தன்னைப் பற்றி நல்லா அளப்பான். பேந்துதான் அரக்கனை அடிப்பான். அளக்காதவன் வீரனே இல்லை."

அளக்கிறதில் கிறகரிக்கு ஒரு குறையும் இல்லை. ராகத்தோடு அளக்கிறதுதான் பிரச்சினை.

கடைசியில் வழி கண்டுபிடித்தார். இமெல்டா குளியலறைக்குள் நின்று வரவைப் பாடிக் கைத்தொலைபேசியில் பதிந்து கொடுக்க வேண்டும். மேடையோரத்தில் ஒரு ஸ்பீக்கர் அதைப் பாடும். அதோடு இன்னொரு கட்டளையும் பிறந்தது.

"உன்ரை பாட்டை மெல்லிசாப் பாடு. சொந்தக் குரலிலை பாடினால் சனம் பிடிச்சிடும்."

முதன்முதலாக மேடை ஏறுகிறாள். அதிலும் தன் குரலைத் தானே ஒளிக்க வேண்டும். இமெல்டா பதிந்து கொடுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து, கோயிலின் கீழ்மண்டபம் நிரம்பியது. பச்சைக் காலுறைகளுக்குள் பஞ்சடைத்த பன்னிரண்டு பாம்புகளைத் தலையில் சுமந்துகொண்டு இமெல்டா வந்தாள். சொன்னபடியே காதுக்குள் இரைகிற நுளம்பு மாதிரி தன் வரவைப் பாடினாள்.

"பாவம், அரக்கிக்குத் தடிமன் பிடிச்சுத் தொண்டை கட்டிட்டுது போலை," என்று முன்வரிசையில் அல்போன்சம்மா அறிவித்தார். அவர் இரகசியம் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். மண்டபம் சிரித்தது. பாம்புகளுக்குக் கீழே இமெல்டாவின் காது சுட்டது.

பிறகு கிறகரி வந்தார். கேடயம், வாள், வயிறு. நிமிர்ந்து நின்று வாயைத் திறந்தார். ஸ்பீக்கருக்குள் இருந்து ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, பற்றரி முடியப்போகிறது என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு அணைந்துபோனாள்.

கிறகரி திறந்த வாயை மூடவில்லை. மத்தளக்காரர் ஒன்றும் கேட்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

"வரவு! வரவைப் பாடுங்கோ அண்ணை!"

அவர் முயன்றார். கேற் திறந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தான். கிறகரியின் கழுத்தில் வியர்வை இறங்குவதை இமெல்டா பார்த்தாள். இப்படியே விட்டால் ஏழு வருடக் கணக்கு ஒரு நிமிடத்தில் தீரும். ஆனால் பாட்டு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும். மனிசன் வேறு பாவம். அவள் மூச்சை இழுத்தாள்.

"ஏழு கடல் தாண்டி வந்தேன், எவனடா எனக்கு நிகர்!"

வெட்டுப்பட வேண்டிய அரக்கி, வெட்ட வந்தவனின் வீரத்தை, அவனுக்கு நேரே நின்று, முழுக்குரலில் பாடினாள். கூரையிலிருந்த குழல்விளக்கு நடுங்கியது என்று பிறகு சொன்னார்கள். நடுங்கியிருக்காது, ஆனால் சொன்னார்கள்.

அல்போன்சம்மா எழும்பினார். "அடியே, இது கிறகரியின்ரை குரலெல்லோ!"

மண்டபம் ஒரு கணம் யோசித்தது. பிறகு அவரே மெதுவாக உட்கார்ந்தார். "இல்லை... கிறகரியிட்டை இருந்ததுதான் இவளின்ரை குரல்."

மேடையோரத்தில் வித்தியா, "எங்கடை பரணிகளிலையும் போர்க்களத்துப் பேய்கள்தான் ராசாவின்ரை வெற்றியைப் பாடும்! இது சரிதான்!" என்று கைகளை ஆட்டி விளக்கினாள். அவளுடைய படிப்பை அன்றும் ஒருவரும் கவனிக்கவில்லை.

கிறகரி கேடயத்தை இறக்கிவிட்டு மனைவியை நேரே பார்த்தார். முன்வரிசைப் பிள்ளைகள் பிரெஞ்சில் கூச்சலிட்டன: பார்த்துவிட்டார், கல்லாகிவிட்டார்! ஒரே வீச்சில் வெட்டிக் கூத்தை முடித்து மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அவரோ வாளை உயர்த்தியபடி அப்படியே கல்லாக நின்றார். முழங்கால் நோவோடு கால் மணித்தியாலம். இமெல்டா தன் வரவை மறுபடி முதலிலிருந்து, சொந்தக் குரலில், ஒரு வரியும் விடாமல் பாடி முடித்தாள்.

தேநீர் நேரத்தில் ஆளாளுக்கு, தமக்கு முதலே தெரியும் என்றார்கள். கிறகரி அவர்களை விடவில்லை.

"ஏழு வருசம்! ஒருத்தராவது பிடிச்சனீங்களோ? வாயசைக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை கண்டியளோ."

பாம்புகளைக் கழற்றாமலே இமெல்டா றோல்ஸ் ஒன்றைக் கடித்தபோது, அல்போன்சம்மா வந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"என்ன குரல் பிள்ளை!"

வாய் நிறைய உருளைக்கிழங்கு. இமெல்டா அவசரமாக விழுங்கினாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்னணை சொன்னனீங்கள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ."