நீலமுகமூடியை எழுதியவர்

1.
இது முன்னுரையாகத் தொடங்கியது. தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஐம்பத்திரண்டு இதழ்கள் வந்த ‘நீலமுகமூடி’ என்ற சாகசக் கதைத்தொடர் வருகிற தை மாதம் ஒரே தொகுப்பாக வெளிவருகிறது. அதன் வரலாற்றை எழுதித் தரும்படி ஆசிரியர் கிளிபோட் அண்ணை கேட்டார். எல்லா இதழுக்கும் கடிதம் போட்ட ஒரே வாசகன் நான். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் பிரதி வைத்திருக்கிறேன்; மன்னாரில் பள்ளிக்கூடம் பழக்கியது.

2.
முதல் தொடக்கம்: மல்வேர்ன் தெருக்களில் அநீதி தலைதூக்கும் இரவுகளில் அவன்...

(வேண்டாம். அவனுக்கு இரவு ஷிப்ற்; பகலில்தான் வருவான்.)

இரண்டாவது தொடக்கம், கடிதம் இலக்கம் 7:

“ஆசிரியருக்கு, கதையில் வெளியே மைனஸ் இருபத்தைந்து. பஸ் தரிப்பில் எல்லாருமே முகத்தை மூடியிருப்பார்கள். ஆட்களைக் கனடாவுக்குக் கூட்டி வந்து பாஸ்போட்டைப் பறித்து வைத்திருக்கும் ஏஜென்ற், நம் வீரனை மட்டும் எப்படிக் கண்டு நடுங்கினான்?”

எட்டாம் இதழில் அதே தரிப்பு, அதே குளிர். எல்லாரும் மூடி நிற்க, ஒருவன் மட்டும் வெறும் முகத்தோடு நின்றான். ஏஜென்ற் நடுங்கினான்.

[அன்றிலிருந்து பனிக்காலத்தில் நீலமுகமூடி முகமூடி போட்டதில்லை. என் கடிதத்தால் வந்தது. எந்தச் சபையிலும் சொல்லுவேன்.]

3.
கதைகளில் எழுதியவர் பெயர் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கடிதத்துக்கு எனக்கு வந்த பதிலின் பின்பக்கத்தில் எட்டாம் இதழ்க் கதை, அடித்தல் திருத்தலோடு இருந்தது. இரண்டு பக்கமும் றீற்றா அக்காவின் கையெழுத்து. இதழுக்கு ரைப் அடிப்பவர் என்றுதான் அவரை அறிந்திருந்தோம்.

கிளிபோட் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“எழுதினது ஆரெண்டு போடுறது அண்ணை?”

“என்ர பேர்தான். முப்பது வருசமா சனம் அப்பிடித்தானே சொல்லுது.”

“றீற்றா அக்கா?”

“நீ பிழை பிடிக்கிறதை இன்னும் விடேல்லையோ?”

றீற்றா அக்கா இப்போது இருக்கும் விட்பிக்குப் போய் அவர் முன் அந்தத் தாளை வைத்தேன்.

“உதை இன்னும் வச்சிருக்கிறியே, றொனால்ட்?”

“இலக்கம் போட்டு.”

“உன்ர கடிதம் வந்தாலே எனக்கு நெஞ்சிடி.” சிரித்தார். பிறகு தாளைத் திருப்பித் தன் திருத்தங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கிறன், என்ன?”

“பேர் போடட்டோ அக்கா?”

“அவரிட்டப் போய் நிண்டு கேக்க மாட்டன். ஆனா அவற்ர பேர் வரக் கூடாது. வாசிச்ச ஆக்கள் போடட்டும்.”

4.
முடிவு அ: கிளிபோட் அண்ணை தன் பெயரையே போடுகிறார், என் கடிதங்கள் தொகுப்பில் இல்லை.

முடிவு ஆ: ஒருநாள் அண்ணை தானாகவே விட்பிக்கு...

(அவர் போகாத இடத்துக்கு அவரை நான் அனுப்ப முடியாது.)

ஆகவே இதையே முன்னுரையாக அனுப்புகிறேன். கடிதம் இலக்கம் 53. ஒரு சொல்லும் வெட்டக் கூடாது. தொகுப்பின் முதல் பக்கத்தில் இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், அண்ணை என்ன முடிவெடுத்தார் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சம் உங்கள் வேலை. பேனையை எடுங்கள்.

எழுதியவர்: ____________