காலமானார் என்பது வரைக்கும்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால், போன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் சனம் வரும் ஒரு கொமினிகேஷன் கடையின் உள்ளறையிலிருந்து 'கண்டல்கரை' என்ற செய்தித்தளம் நடந்துகொண்டிருந்தது. கடையும் தளமும் உதயரூபனுடையவை. செய்திகளை அவரே எழுதினார். தளத்தை அமைத்தவள் யசோதினி, மட்டக்களப்பு டவுனில் கணினி டிப்ளோமா முடித்தவள். பீஎச்பீ என்ற கணினி மொழியில் ஸ்க்ரிப்ட் எழுதுவாள்.

உதயரூபனுக்குச் சின்னதாகத் தலைப்பு வைக்க வராது. அவருடைய தலைப்பு ஒன்றை வாசித்து முடிப்பதற்குள் செய்தியே பழசாகிவிடும். முகப்புப் பக்கத்தில் அந்தத் தலைப்புகள் பெட்டியை மீறி வழிந்து அடுத்த செய்தியின் மேல் ஏறி நின்றன. யசோதினி ஒரே ஒரு வரி எழுதினாள். தலைப்பின் எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எத்தனை எழுத்து வேண்டும் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துத் தரும் கட்டளை அது. முதலில் தமிழ் எழுத்துகளையே அது பாதியில் பிளந்துவிட்டது. ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் ஒரு கறுப்புக் கேள்விக்குறி வந்து குந்தியது. தமிழுக்கு ஏற்ற வேறு கட்டளையைத் தேடிப் போட்டதும் பக்கம் கண்ணாடி மாதிரி ஆனது.

"இப்பதான் ஒரு பேப்பர் மாதிரிக் கிடக்கு" என்றார் உதயரூபன்.

அந்தக் கிழமைதான் வட்டைவிதானை அழகரத்தினம் கடைக்கு வந்தார். வயல்வட்டைக்குத் தண்ணீர் எப்போது திறப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் பெரிய மனிதர். பக்கத்து ஊரில் அதே பெயருள்ள ஒருவர் இறந்துபோக, 'கண்டல்கரை' வெறுமனே அழகரத்தினம் என்று மட்டும் போட்டிருந்தது. காலையிலிருந்து தன் சாவை விசாரித்தே நாலைந்து பேர் தனக்குப் போன் எடுத்துவிட்டார்கள் என்றார்.

"நான் சாகல்லெண்டு ஒரு செய்தி போடு மனே. வடிவாப் போடு."

உதயரூபன் வடிவாகத்தான் போட்டார்: 'வட்டைவிதானை அழகரத்தினம் காலமானார் என்ற செய்தி தவறானது.'

யசோதினியின் வரி அதை எடுத்து வெட்டியது. முகப்பில் வந்தது: 'வட்டைவிதானை அழகரத்தினம் காலமானார்.'

அதுவரை சந்தேகமாக இருந்தவர்களுக்கும் இப்போது தெளிவாகிவிட்டது. அழுத்தி உள்ளே போய் மிச்சத்தை வாசிக்க யாருக்கும் மனம் வரவில்லை. சுனாமியும் யுத்தமும் கடந்து வந்த சனம் அது. சாவுச் செய்தி வந்தால் நம்புவதுதான் அவர்களுக்குப் பழக்கம். பொய்யாயிருக்கும் என்று நம்பிப் பார்த்த காலத்தில் ஒன்றும் பொய்யாகவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அழகரத்தினம் வயலிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் பொடியன்மார் சாவீட்டு வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சைக்கிளை நிறுத்தி, "ஆரு மனே மோசம் போன?" என்று கேட்டார். ஏணியில் நின்றவன் கிறுகிப் பார்த்தான். பிறகு அங்கே ஏணி மட்டும்தான் நின்றது.

வீட்டு முற்றத்தில் வாகரையிலிருந்து ஒரு வான் வந்து நின்றது. அவருடைய மச்சான் சாமித்தம்பி இறங்கும்போதே தலையில் அடித்து அழுதுகொண்டு இறங்கினார். சுவிஸில் இருக்கும் சாமித்தம்பியின் மகள் தளத்தைப் பார்த்துவிட்டு அவருக்குச் சொல்லியிருந்தாள். சுனாமியில் வீட்டையும், பிறகு இடம்பெயர்ந்து திரிந்ததில் தோணியையும் இழந்த மனிதர். இரண்டு பேரும் நேரில் கண்டு வருடங்களாகிவிட்டன. கால் கழுவிக்கொண்டிருந்த அழகரத்தினத்தைக் கண்டதும் அவருக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

"வழி முழுக்க ஒப்பாரி வச்சிக்கொண்டு வாறன், நீ இஞ்ச கால் கழுவிறாயா?"

"மறுகா என்ன மச்சான், ஊத்தக் காலோடயா சாகிற?"

சாமித்தம்பி அவருடைய தோளில் ஒரு அடி அடித்தார். பிறகு அந்தத் தோளை விடவேயில்லை. வந்த சனமெல்லாம் மீன்குழம்போடு சோறு தின்றுவிட்டுத்தான் போனது.

யசோதினி வெட்கத்தில் கூனிப்போனாள். ஆனால் பிழை எங்கே என்று பிடித்துவிட்டாள். தமிழில் 'இல்லை', 'தவறு' எல்லாம் கடைசியில்தானே வருகின்றன. தொடக்க எண்ணை மாற்றி, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டாள். அப்படிப் போட்டால் கட்டளை வாலிலிருந்து எண்ணி வெட்டும்.

மறுநாள் முகப்பு முழுவதும் வால்கள். '...திறந்து வைத்தார்.' '...திறந்து வைத்தார்.' '...வன்மையாகக் கண்டித்தார்.' '...தோணியோடு கரை சேர்ந்தார்.' யார், எதை என்று ஒன்றும் இல்லை. பாசிக்குடாவில் புதுக் கட்டிடம் திறந்த பிரமுகர் ஒருவர் போன் எடுத்து, "என்ர பேர் எங்க?" என்று உதயரூபனைக் காய்ச்சி எடுத்தார்.

"பிள்ளை, தலையும் வேணும், வாலும் வேணும்" என்றார் உதயரூபன். "நடுமுள்ளை மட்டும் எடுத்தெறி."

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, நடுவில் மூன்று புள்ளி. சில நாள் ஒரு குறையும் வரவில்லை.

அதற்குள் பிரதேசத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பதிவு செய்யாமலே குடும்பமானவர்களைக் கூட்டி வந்து ஒரே பந்தலில் பதிவெழுதினார்கள். உதயரூபன் எழுதினார்: 'வட்டைவிதானை அழகரத்தினம் தலைமையில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பல சோடிகளுக்குப் பதிவுத் திருமணம்.'

காலையில் கடை திறந்ததும் ஆச்சிப்பிள்ளை வந்து நின்றார். அழகரத்தினத்தின் மனைவி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

"எங்ககா அந்த கொம்பியூட்டர்?"

யசோதினி திரையைத் திருப்பினாள். முகப்பில் பெரிய எழுத்தில் இருந்தது: 'வட்டைவிதானை அழகரத்தினம்... பதிவுத் திருமணம்.'

"போன கிழமை என்ர தாலிய அறுத்தீங்க. இந்தக் கிழமை சக்களத்தி கொண்டாறீங்க. அடுத்த கிழமைக்கு என்ன வச்சிருக்கீங்க, பிள்ளைப்பேறா?"

உதயரூபன் மேசைக்குக் கீழே எதையோ தேடத் தொடங்கினார். யசோதினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் ஆச்சிப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, முழுச் செய்தியையும் திறந்து வாசித்துக் காட்டினாள். பந்தலின் படமும் இருந்தது. படத்தில் அழகரத்தினம் வெள்ளை வேட்டியோடு நடுவில் நின்றார்.

ஆச்சிப்பிள்ளை படத்தைக் கன நேரம் உற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை மாதிரித்தான் நிக்கிறார்" என்றார். குரலில் சூடு குறைந்திருந்தது. "இந்தப் படத்த எனக்கி ஒண்டு அடிச்சித் தாகா."

அவர் போனதும் யசோதினி அந்த வரியை அழித்தாள். "அண்ணன், இனி ஒரு கட்டளையும் வெட்டாது. முகப்புக்கெண்டு வேற பெட்டி வச்சிருக்கன். சின்னத் தலைப்ப நீங்களே யோசிச்சுப் போடுங்க. எனக்கு ஏலா."

"நானா?"

"எழுத்த எண்ண மட்டும்தான் அதுக்குத் தெரியும். எது முக்கியமெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

உதயரூபன் அன்று முழுக்கத் தேத்தண்ணி குடித்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வதந்திகளுக்கெல்லாம் ஒரே அடியாக முடிவு கட்டும் தலைப்பு ஒன்று வேண்டும் என்று நினைத்தார். பின்னேரமளவில், அவருடைய வாழ்நாளிலேயே ஆகச் சிறிய தலைப்பை எழுதி முடித்தார்: 'அழகரத்தினம் நலம்.'

பெட்டிக்குள் அழகாக அடங்கியது. யசோதினி கை தட்டினாள்.

கடைப் போன் அடித்தது. சுவிஸிலிருந்து சாமித்தம்பியின் மகள்.

"அண்ணன், அழகரத்தினம் மாமா நலமெண்டு போட்டிருக்கிறீங்க" என்றாள் பதறிக்கொண்டு. "அவருக்கு என்ன வருத்தம்? எந்த ஆசுப்பத்திரியில வச்சிருக்கு?"