தம்பி, சிஸ்டர்

விடிந்தால் முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போகிறேன், நர்சிங் படிக்க. ஹாஸ்டல், சாப்பாடு, யூனிஃபார்ம் எல்லாம் இலவசம். ஆனால் கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் இடம்.

எனக்குப் பத்தொன்பது வயது. என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் போன படகு கவிழ்ந்து பத்து மாதம் ஆகிறது. எங்கள் மகன் பிரபுவுக்குப் பதினாலு மாதம்.

அப்ளிகேஷன் ஃபாரத்தை நிரப்பியவர் மாதா கோயில் உபதேசியார் குழந்தைசாமி. கணவர் பெயர் கேட்டிருந்த இடத்தில் அவர் பேனா நின்றது.

"விதவைன்னு போட்டா கூப்பிடவே மாட்டாங்கம்மா. உன் ஸ்கூல் சர்டிபிகேட்ல அப்பா பேருதானே இருக்குது? அது போதும்."

"அப்போ புள்ள?"

அவர் பேனாவை மூடினார். அம்மாதான் பதில் சொன்னாள். "எம் புள்ளைன்னு சொல்லிட்டுப் போறேன்."

அப்பா அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "நாப்பத்திரெண்டு வயசுல எனக்குக் கைப்புள்ளையா? டேய் பிரபு, ஊர்ல ஒருத்தனும் என்னச் சும்மா விடமாட்டானுங்கடா!"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் ஹாஸ்டலுக்கு வந்து பார்க்கலாம். அன்றைக்கு இவன் எல்லார் எதிரிலும் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிட்டால்? அதனால் மூன்று வாரமாக வீட்டில் பழக்கம் நடந்தது. அவன் "ம்மா" என்றால் நான் திரும்பக் கூடாது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா கண்ணு?" என்பாள். என்னைப் பார்த்து "அக்கா" என்றால் ஒரு பிஸ்கட். முதலில் அவன் பிஸ்கட்டுக்குத்தான் அக்கா என்று பெயர் என நினைத்துக்கொண்டான். அலமாரியைக் காட்டி "க்கா, க்கா" என்று குதித்தான்.

பால் மறக்க வேப்பெண்ணெய் தடவிக்கொண்டேன். வாய் வைத்துவிட்டு, நான் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல என் முகத்தைப் பார்த்தான். அழவில்லை. அம்மாவிடம் நடந்து போனான்.

"நான் போவலம்மா," என்று அன்றைக்குச் சொன்னேன்.

அம்மா தன் கையை விரித்து என் எதிரில் நீட்டினாள். உப்பு தின்று விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. "பாத்துக்கோ. என்னோட வந்து உப்பு சுமக்கறியா? நாளைக்கு இவனையும் அங்கியே எறக்கி விடுவியா? ரெண்டு வருஷம்டி. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிடும்."

ரெண்டு வருஷத்தில் இவன் எத்தனை வார்த்தை பேசியிருப்பான் என்று அவளிடம் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் ஹாஸ்டல் சிஸ்டர் போன் செய்தார்.

"ஆன்மேரிதானேம்மா? பக்கெட்டு, தட்டு, போர்வை எல்லாம் கொண்டாந்துடு."

"சரிங்க சிஸ்டர்."

அந்நேரம் பார்த்து பிரபு என் நைட்டியைப் பிடித்து இழுத்து, "ம்மா! ம்மா!" என்று கத்தினான். மூன்று வாரம் பழகியது அத்தனையும் மறந்துவிட்டான்.

"யாரும்மா அழறது? வீட்டுல கொழந்த இருக்குதா?"

நல்ல குரல் அவருக்கு. சொல்லியிருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. வேண்டாம் என்றும் சொல்லியிருப்பாரோ என்னவோ. அம்மா வாசற்படியில் அசையாமல் நின்றாள்.

"தம்பி, சிஸ்டர்."

"அப்படியா? அக்கா போறான்னு தெரிஞ்சுடுச்சு போல," என்று சிரித்தார்.

போனை வைத்தேன். பிரபு இன்னும் நைட்டியை விடவில்லை. நான் குனியவில்லை. அப்பா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

இப்போது மணி இரண்டு. பால் கட்டி நெஞ்செல்லாம் வலிக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாததால் இந்த நோட்டில் எழுதுகிறேன். பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போகமாட்டேன். யாராவது பார்த்துவிட்டால்?

சற்று முன்னால் பிரபு தூக்கத்தில் சிணுங்கினான். பிறகு இருட்டில் எழுந்து உட்கார்ந்து, "ம்மா" என்றான்.

நான் அசையவில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறானா, அம்மாவையா என்று தெரியவில்லை. அம்மாவின் பக்கத்தில்தான் படுத்திருந்தான். அவள் விழித்திருந்தாள், மூச்சிலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் வழக்கம்போல "என்னடா கண்ணு" என்று சொல்லவில்லை. புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்காகத்தான்.

ஊர்ந்துபோய் அவனை மடியில் எடுத்தேன். சிணுங்கல் நின்றது. சின்னக் கையால் என் மூக்கு, கன்னம், வாய் என்று தடவித் தடவிப் பார்த்தான். இது யார் என்று கண்டுபிடித்துவிட்டான்.

"க்கா," என்றான்.

பிஸ்கட்டுக்காகக் கையை நீட்டினான்.

என்னிடம் பிஸ்கட் இல்லை. "ஆமாடா," என்றேன். "அக்காதான்."