மூன்று பிடி மண்

மரக்காணம் உப்பளத்துக்கு மேற்கே, செம்மண் மேட்டில் தோண்டிய குழியை இன்றைக்கு மூடப்போகிறார்கள். உள்ளே கிடப்பது பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனுஷன். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே நடந்து வந்த நம்முடைய முதல் கூட்டத்து ஆளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் ஹசீனாவின் கணிப்பு. தூக்கினால் எலும்பு பொடிப்பொடியாக உதிரும் என்பதால், மாதிரி மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணுக்குள்ளேயே விடச் சொல்லிவிட்டார்கள்.

தோண்ட வந்த சரஸ்வதி மண்வெட்டியை நீட்டினாள். ஹசீனா வாங்கவில்லை.

போன மாசம்தான் ஹசீனாவின் அத்தா மௌத்தானார். ஊர் ஊராகப் பழைய புதைகுழிகளைத் திறந்து பார்க்கிறவள் அவள். ஆனால், பொம்பளைங்க கபர்ஸ்தானுக்கு வரக்கூடாது என்று வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். தெருவில் போகிற எவனெவனோ அத்தாவுக்கு மூன்று பிடி மண் போட்டான். பெற்ற மகளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஹசீனா குழியோரம் மண்டியிட்டு மூன்று பிடி மண் அள்ளிப் போட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"யாருக்கும்மா போட்டீங்க?" என்றாள் சரஸ்வதி.

"எங்க அத்தாவுக்கு."

சரஸ்வதி மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க. எங்கப்பா போனப்போ என்னையும் சுடுகாட்டுக்கு வுடல."