படிக்குப் போட்ட ஒட்டு

தையல்காரர் கையில் எடுத்தால் கத்திரிக்குத் துணி தானாக வழிவிடும் என்று பேர். அந்தத் தெம்பில்தான் அவர் சிமெண்டுக் கரண்டியையும் கையில் எடுத்தார்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. தெருவிலிருந்து ஏறுவதற்கு ஒரே ஒரு அகலமான கான்கிரீட் படி. பதினைந்து வருஷம் மிதிபட்டதில் அதன் மேல்பூச்சு தேய்ந்து, ஜல்லி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. பெருக்கப் பெருக்க மணல். போன வாரம் தலைமை ஆசிரியை ஒருவரின் குதிகால் செருப்பு அதில் ஒரு குழியில் மாட்டிக்கொண்டது. அந்த அம்மாள் உள்ளே வந்துவிட்டார், செருப்பு வரவில்லை.

"ஏங்க, ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிடலாம்" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஆளு எதுக்கு? கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போடறதுதானே என் பொழப்பு?"

ஞாயிற்றுக்கிழமை அவள் டியூட்டிக்குப் போனதும் வேலையைத் தொடங்கினார். பழைய தொட்டியில் சிமெண்டும் மணலும் குழைத்து, படியிலிருந்த தூசியைக்கூடத் தட்டாமல், கோட்டுக்கு லைனிங் வைப்பது போல மெல்லிசாக ஒரு பூச்சு. பிறகு தேய், தேய் என்று தேய்த்து முகம் பார்க்கிற பளபளப்புக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் மனைவி வந்து குனிந்து பார்த்தாள்.

"அடியில கழுவுனீங்களா?"

"மேல பூசறதுக்கு அடியில ஏன் கழுவணும்?"

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் மனைவியின் அண்ணன் வந்தார். எதிலும் நொட்டை சொல்வதால் அவருக்கு நொட்டை என்றே பேர். முழு நிலாவைக் காட்டினாலும் ஓரம் கோணல் என்பார். படியில் அவர் கால் வைத்ததுதான் தாமதம், 'படக்' என்று ஒரு சத்தம். தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, அவர் காலடியோடு வழுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது.

"மச்சான், உங்க படி என்கூடவே வருது!" என்று கத்தியபடி நொட்டை தரையில் உட்கார்ந்தார்.

கழுத்தில் இஞ்ச் டேப்போடு தையல்காரர் ஓடி வந்தார். மனைவி முதலில் அண்ணனின் கணுக்காலைத் திருப்பிப் பார்த்தாள், பழுதில்லை. அடுத்துப் படியைத் தட்டிப் பார்த்தாள். நெடுக 'டொக் டொக்' என்று, உள்ளே ஒட்டாமல் கூடாக நிற்கிற சத்தம்.

"புண்ணைக் கழுவாம கட்டுப் போட்டா என்னங்க ஆகும்?"

"சீழ் பிடிக்கும்" என்றார் தரையிலிருந்த நொட்டை.

"உன்னைக் கேக்கலண்ணே."

மறுநாள் அவள் லீவு போட்டாள். உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, ஆடினதையெல்லாம் ஈவு இரக்கமின்றிக் கொத்தி எடுத்தாள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று தடவை கழுவி, தேங்கிய நீரைத் துணியால் ஒற்றினாள். ஈரத்தின்மேல் சிமெண்டுப் பாலைத் தேய்த்து, அது காயுமுன்னே கெட்டிக் கலவையை அழுத்தி நிரப்பினாள். தையல்காரர் ஆசையாகக் கரண்டியை நீட்டிக்கொண்டு பளபளப்பாக்க வந்தார். கையிலேயே ஒரு அடி விழுந்தது. அவள் துடைப்பத்தால் குறுக்கே மெல்லிசாகக் கோடு இழுத்தாள்.

"ஐயோ, இப்படிக் கீறிட்டியே!"

"மழையில வழுக்காம இருக்க வேணாமா? ஒரு வாரத்துக்கு இதை யாரும் மிதிக்கக் கூடாது. இறுகினதும் மேல ஈரச் சாக்கு போட்டுடறேன். அது காயவே கூடாது, தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க."

பின்வாசல் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் எவரும் சமையலறை வழியாக வரக் கூடாது என்பதும் அவள் உத்தரவு. ஆகவே அந்த வாரம் முழுக்க வியாபாரம் ஜன்னல் வழியாகவே நடந்தது. தையல்காரர் கம்பிக்குள்ளிருந்து டேப்பை நீட்டுவார். வெளியே நிற்பவர்கள் அவர் சொன்னபடி திரும்புவார்கள். தலைமை ஆசிரியை கையளவு கொடுக்கக் கையைக் கம்பிக்குள் விட்டபோது, போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"நான் என்ன, ஜெயில்ல இருக்கறவரைப் பார்க்க வந்திருக்கேனா?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். படி சிகிச்சையில இருக்கு."

எட்டாம் நாள் சாக்கை எடுத்தார்கள். நொட்டை ஏறினார், குதித்தார், குதிகாலால் உதைத்தார். சத்தம் கல்லுப் போலக் கெட்டியாகக் கேட்டது. நெடுநேரம் குனிந்து தேடிவிட்டு, "கலர்தான் கொஞ்சம் மட்டு" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய விருது.

அடுத்த வாரம் மனைவி துவைக்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அங்கேயும் தளம் பொரிந்திருந்தது. தையல்காரர் கேட்காமலேயே போய்க் கம்பி பிரஷ்ஷை எடுத்துவந்தார்.

"கலவை யார் போடறது?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"முதல்ல கழுவுங்க, பார்க்கலாம்" என்றாள் அவள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர் தேய்க்க உட்கார்ந்தார்.