எபாக்ஸியில் ஒரு கட்டைவிரல்

தூண்டில் கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பல்லன் மீனைப் பிடித்துவிட்டுச் சேதமில்லாமல் திரும்பிய பொய்ப்பூச்சிக்கு, அதாவது தூண்டில் முள்ளில் கட்டும் போலி இரைக்கு மட்டும்தான் அதில் இடம். கட்டியவர் பெயரைக் கீழே ஒட்டி வைப்பார்கள். இரண்டு வருடமாக அதில் தொங்குவது என் அண்ணியின் கைவேலை. உள்ளே நுழையும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், எரியத்தான் எரியும்.

பொய்ப்பூச்சி என்றால் பூச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முள்ளில் வெள்ளை முடியையும் ஜரிகையையும் நூலால் சுற்றிக் கட்டி, கண்ணை ஒட்டினால் குட்டி மீன் தயார். பல்லன் அதைப் பார்த்தால் விடாது. ஆனால் அதற்கு வாய் நிறையக் கத்தி. போன வருடம் ஒரே கடியில் தலைப்பக்கத்து நூலை அறுத்துவிட்டது. வெறும் முள்தான் என்னிடம் திரும்பி வந்தது. நூல் சுற்றிய தலைமேல், இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகுகிற எபாக்ஸிப் பசையைப் பூசினால் அது கண்ணாடி போல இறுகிவிடும், பல் இறங்காது.

கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் இறுகுகிற எபாக்ஸியை எடுத்து நீட்டினார்.

"உங்க அண்ணியும் இதைத்தான் வாங்குவாங்க."

"அப்ப எனக்கு வேணாம்."

மெதுவாக இறுகுவதை வாங்கி வந்தேன். வீம்பு மட்டும் இல்லை, நியாயமும் இருந்தது. உருவம் பிடிக்க நேரம் கிடைக்கும். குமிழி தானாக மேலே வந்து உடையும். சீக்கிரம் மஞ்சளாகாது. ஒரே சங்கடம், காயும்வரை பூச்சியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். அதற்கு என் வீட்டுக்காரர் பழைய மைக்ரோவேவில் தட்டைச் சுற்றுகிற மோட்டாரைக் கழற்றி ஒரு சுழலி செய்து கொடுத்தார். கார்களின் நசுங்கலை நிமிர்த்திப் பட்டி பூசி இழைக்கிறவர் அவர். கை சும்மா இருக்காது.

அதுதான் வினையாயிற்று.

ஞாயிறு காலை கடல் ஏற்றத்தோடு பல்லன் கூட்டம் கழிமுகத்துக்குள் வரும். தண்ணீர் இறங்கினால் போய்விடும், அப்புறம் அடுத்த வருடம்தான். முந்தின நாள் மதியமே ரெசினையும் ஹார்டனரையும் சரிக்குச் சரி ஊற்றி, ஒரு போன் பேசிவிட்டு வந்து கலக்கி, கட்டி வைத்திருந்த பூச்சிகளின் தலையில் பூசி, சுழலியில் மாட்டிவிட்டேன். காலையில் ஆசையாகத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. அத்தனை தலையும் ஜவ்வு!

"ஏங்க! இதுல ஏதாவது கை வச்சீங்களா?"

அவர் பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்தார். "நீ போன் பேசப் போனப்ப கொஞ்சம் ஹார்டனர் சேர்த்துட்டேன். சீக்கிரம் காயட்டுமேன்னு."

"ஐயோ, இது உங்க பட்டியா? பட்டிக்குக் கூடப் போட்டா சீக்கிரம் இறுகும். எபாக்ஸிக்குப் பாதிக்குப் பாதிதான். கூடப் போட்டா ஜென்மத்துக்கும் காயாதுங்க!"

"உனக்கு உதவி பண்ணலாம்னுதான்..."

"நீங்க உதவாம இருக்கறதுதான் எனக்கு உதவி!"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருடக் கனவு, பிசின் பிசினாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் ஹார்ன் சத்தம். என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணி மேலே ஏறி வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கவே இல்லை.

"பூசாதது ஏதும் மிச்சம் இருக்கா?"

ஒன்று இருந்தது. அண்ணி பையிலிருந்து இரண்டு ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தார். அதே ஐந்து நிமிட எபாக்ஸி.

"உங்க தயவு எனக்கு வேணாம் அண்ணி."

"தயவா? பிசினோட வந்து தோத்தா எனக்கென்னடி பெருமை? ஒழுங்காக் கட்டிட்டு வந்து தோத்துப் போ!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அட்டையில் இரண்டு பொட்டு வைத்து, பல்குத்தும் குச்சியால் கலக்கி, தலையில் ஏற்றினேன். சுழலியில் மாட்டக்கூட நேரமில்லை. வீட்டுக்காரர் முள்ளை இடுக்கியில் பிடித்துச் சுற்றினார். அடடா, என்ன கை அது! துளி வழியவில்லை. கண்ணுக்கு மேல் எபாக்ஸி உருண்டு, மணியாகத் திரண்டு நின்றது. நான் மூச்சுவிட்டேன். உடனே மனுஷன், காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை! பளிங்குத் தலையில் ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல்.

நான் கத்திய கத்தலில் அண்ணி கீழே இறங்கிக் காரைக் கிளப்பிவிட்டார். நான் ஓடிப்போய் ஏறினேன். இழைத்துச் சரிசெய்ய நேரம் ஏது?

கழிமுகம் கொதித்துக்கொண்டிருந்தது. குட்டி மீன்கள் தண்ணீருக்கு மேலே சிதற, பின்னாலேயே பல்லன்கள் பாய்ந்தன. முதல் வீச்சு காற்றில் வீணாயிற்று. அடுத்த வீச்சு கூட்டத்தின் நடுவில் விழுந்தது. இழுத்தேன். கம்பு வில்லாக வளைந்தது!

"விடாதே! கம்பை மேல தூக்கு!" என்று கத்தியது அண்ணிதான். தன் நூல் எங்கே போகிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை.

அது ஓடியது, பாய்ந்தது, தலையை உதறியது. ஒவ்வொரு உதறலுக்கும் என் உயிர் போய் வந்தது. கடைசியில் வலைக்குள் வந்து விழுந்தது. வாயைத் திறந்து முள்ளைக் கழற்றினேன். ஒரு முடி உதிரவில்லை. பூச்சியின் தலை முழுக்கப் பல் கீறல்கள், கட்டைவிரல் ரேகைக்குக் குறுக்கேயும் ஒன்று. நூல் அப்படியே இருந்தது.

அண்ணி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். "பாவி, ஜெயிச்சுட்டியே!"

இப்போது கண்ணாடிப் பெட்டியில் தொங்குவது என்னுடையது. பெயர்ச்சீட்டை மட்டும் நானே எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்காரரோ வேலைக்குப் போகிற வழியில் தினமும் கடைக்குள் நுழைந்து, புதிதாகப் பார்ப்பவர் போல அதைப் படித்துவிட்டுத்தான் போகிறார்.

கட்டியது நான். எபாக்ஸி என் அண்ணி. கெடுத்தது என் வீட்டுக்காரர், கெட்டியாகச் சுற்றியதும் அவரே.